தட்டைப்பாறைக் கல்

மேஸ்திரி. மேஸ்திரியின் சம்சாரம். பாவு பிணைக்கிறவர். தார் சுற்றுகிற அக்கா. அக்காவின் தங்கச்சி. வேன் டிரைவர். என் வீட்டுக்காரி. நான். கடைசியில் அண்ணாச்சி. இந்த வரிசையில்தான் அன்று விடியற்காலை தட்டைப்பாறையின் மேல் கல் வைத்தோம். ஆளுக்கு ஒன்று. மேஸ்திரி வைத்தது பெரிய கல், ஆளைப் போலவே. என் வீட்டுக்காரி ஓடையில் இறங்கித் தேடி, பனங்கற்கண்டுக் கட்டி மாதிரி வெள்ளையாக ஒன்றை எடுத்து வந்து வைத்தாள். நான் காலடியில் கிடந்த கறுப்புக் கல்லை வைத்தேன். அண்ணாச்சி வைத்தது செம்மண் நிறம், எலுமிச்சம்பழ அளவு. வைப்பதிலும் எடுப்பதிலும் அவர்தான் கடைசி.

அண்ணாச்சி எங்களுக்கு உறவு இல்லை. சேத்தூர்க்காரர். மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல். அய்யனார் கோவிலுக்கு மேற்கே மொட்டைப்பாறை உச்சிக்கு வழி தெரிந்தவர். ராஜபாளையத்தில் நாங்கள் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழிந்த ஞாயிறு, அந்த உச்சிக்குப் போவோம். அங்கே ஒரு வேல் நட்டிருக்கிறது. அதற்கு விளக்குப் போட்டுவிட்டு இறங்குவோம். கூட்டிப் போகிறவர் அண்ணாச்சிதான். அவர் ஒருநாளும் ஆளை எண்ண மாட்டார். யாராவது தலையைத் தொட்டு எண்ண ஆரம்பித்தால் கையைத் தட்டிவிடுவார். "மலையில வச்சு ஆளை எண்ணாத. நாம எண்ணுனா மலையும் எண்ணும்" என்பார். "மலைக்கு ஒன்னு ரெண்டு தெரியுமா அண்ணாச்சி?" என்று பாவு பிணைக்கிறவர் கேட்பார். "ஒனக்கே தெரியுது. மலைக்குத் தெரியாதாலே?" அதற்குப் பதிலாகத்தான் கல். ஏறும்போது ஆளுக்கு ஒன்று வைக்க வேண்டும். இறங்கி வந்ததும் அவரவர் கல்லை அவரவர் கையால் எடுத்து, கோவில் பக்கத்து ஆற்றில் எறிய வேண்டும். பாறையில் அவர் கல் மட்டும் மிச்சம் என்றால் எல்லோரும் இறங்கியாச்சு. அதை எடுத்துக்கொண்டு அவரும் கிளம்பிவிடுவார். அவருக்குத் தெரிந்து அது ஒருநாளும் தப்பியதில்லை.

எங்கள் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது. ஒரு ஷெட்டில் இருபது தறி ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அங்கே பேச்சு எல்லாம் கைதான். இரண்டு விரலால் தோளைத் தட்டிவிட்டு உள்ளங்கையைக் காட்டினால், செத்த நேரத்தில் வாரேன், அதுவரைக்கும் என் தறியையும் பார்த்துக்கோ என்று அர்த்தம். பக்கத்துத் தறிக்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அதையும் பார்ப்பார். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் அறுந்தால் முடிவார், குறுக்கு நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்றுவார். யோசிக்கிற வேலை இல்லை அது. நானும் அவளும் பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தறி. அவள் தறியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன், என் தறியை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று எண்ண முடியாது. அவள் பதினாலு வயதில் ஷெட்டுக்குள் வந்தவள். காது பாதிக்கு மேல் போய்விட்டது. வீட்டிலும் கைப்பேச்சுதான்.

அவள் கடல் பார்த்ததில்லை. கல்யாணம் ஆன வருஷம் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். ஆர்டர் வந்தது, போகவில்லை. அடுத்த வருஷமும் சொன்னேன். அப்படியே பதினெட்டு வருஷம் சொன்னேன். மழை கழுவிவிட்ட வானத்தில் மொட்டைப்பாறை உச்சியிலிருந்து கிழக்கே பார்த்தால் கடல் தெரியும் என்று அண்ணாச்சி சொல்வார். "வெள்ளைக்கோடு மாதிரி கிடக்கும். அதான் தூத்துக்குடிக் கடல்." கடலாவது, அது ஏதோ ஊர்க் கம்மாய்த் தண்ணீர் என்பார் பாவு பிணைக்கிறவர். இரண்டு பேருக்கும் வருஷா வருஷம் அங்கே சண்டை. தறி நின்றிருந்த சாப்பாட்டு நேரத்தில் இதை ஷெட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் தானும் வருவேன் என்றாள். அதுவரை அவள் மலை ஏறினவள் இல்லை.

ஏற்றம் லேசு இல்லை. தட்டைப்பாறையைத் தாண்டியதும் ஏணிப்பாறை. மூன்று ஆள் உயரம், செங்குத்து. அண்ணாச்சி கட்டின கயிறு ஒன்று தொங்கும். பாறையில் கால் பெருவிரல் வைக்க மட்டும் குழி. அதற்கு மேல் மூங்கில் காடு, அப்புறம் இடுப்பு உயரத்துக்குச் சுக்குநாறிப் புல். புல்லைப் பிடித்தால் கை அறுக்கும், பிடிக்காவிட்டால் சறுக்கும். மேஸ்திரி ஐந்து இடத்தில் உட்கார்ந்தார். "மேஸ்திரி, ஷெட்டுல எங்கள ஒக்கார விடமாட்டீகளே" என்று தார் சுற்றுகிற அக்கா கேட்டாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே போ போ என்று கையை ஆட்டினார். என் வீட்டுக்காரி எங்கும் உட்காரவில்லை. அண்ணாச்சிக்கு அடுத்த ஆளாக ஏறினாள். ஒன்பது மணிக்கு உச்சியில் இருந்தோம். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் நட்டுவைத்த விரல் மாதிரி தெரிந்தது. கீழே ராஜபாளையம், மில் கூரைகள், கம்மாய்கள், தென்னந்தோப்புகள். கிழக்கே மட்டும் மேகம். பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியது போல அந்தப் பக்கம் முழுக்க மூடிக் கிடந்தது. விளக்குப் போட்டோம். ஒரு மணி நேரம் இருந்தோம். மேகம் அசையவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம் தாயி" என்றார் அண்ணாச்சி. அவள் தலையாட்டினாள்.

இறங்கும்போது அண்ணாச்சி முன்னால் போவார். ஏணிப்பாறையில் கீழே நின்று ஒவ்வொருவர் காலாகப் பிடித்துக் குழியில் வைத்துவிட வேண்டும். அவருக்குப் பின்னால் மேஸ்திரியைக் கைத்தாங்கலாக நான். மேஸ்திரிக்கு முழங்கால் பிசகியிருந்தது. புல் தொடங்குகிற இடத்தில் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், உச்சிப்பாறை விளிம்பில், என் வீட்டுக்காரி நின்றாள். இரண்டு விரலால் தோளைத் தட்டினாள். உள்ளங்கையைக் காட்டினாள். நான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பினேன். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. தினமும் பார்க்கிற கை.

தட்டைப்பாறைக்கு வந்ததும் மேஸ்திரியை உட்கார வைத்தோம். அண்ணாச்சி குனிந்து அவர் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் என் கல்லை எடுத்தேன். பக்கத்தில் அவள் வெள்ளைக் கல் கிடந்தது. அதையும் எடுத்தேன். வந்ததும் அவள் கையில் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் போட்டேன். அவள் தறியில் தார் மாற்றுவது போலத்தான் எடுத்தேன். அண்ணாச்சி பார்க்கவில்லை. மேஸ்திரியைத் தாங்கிக்கொண்டு நான் முன்னால் கோவிலுக்கு நடந்துவிட்டேன். பெண்கள் வந்ததும் அண்ணாச்சி திரும்ப ஏணிப்பாறைக்குக் கீழே போய் நின்று இறக்கிவிட்டார்; அவர் கண் காலில்தான், ஆளை எண்ணுகிறவர் இல்லை. அவள் வெள்ளைக் கல்லைக் காணோம் என்றதும் அவள் எப்படியோ முந்திக்கொண்டு என்னோடு இறங்கிவிட்டாள் என்று நினைத்தார்கள். அவள் பெண்களோடு வருகிறாள் என்று நான் நினைத்தேன். அண்ணாச்சி பாறையைப் பார்த்தார். அவர் கல் மட்டும் இருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கோவிலில் நாங்கள் சொல்லி வைத்திருந்த சமையல்காரர் சாம்பார் சாதம் இறக்கி வைத்திருந்தார். வரிசையாக இலை போட்டிருந்தார்கள். கல்லை ஆற்றில் எறிவது சாப்பிட்ட பிறகுதான். உட்கார்ந்தோம். ஒரு இலைக்கு ஆள் இல்லை. "இது யாரு எலை?" என்று டிரைவர் கேட்டார். தார் சுற்றுகிற அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அண்ணாச்சி கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தார்.

"தாயி கல்ல எடுத்தது யாரு?"

"நான்" என்றேன்.

"நீ எதுக்குலே அவ கல்ல எடுத்த?" என்று பாவு பிணைக்கிறவர் கத்தினார். அண்ணாச்சி கத்தவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். கையைக் கழுவினார். "எந்திரி" என்றார்.

எல்லோரும் வருகிறோம் என்றார்கள். அவர் விடவில்லை. "ரெண்டு பேர் போதும். கூட்டமாப் போனா இன்னொருத்தரையும் தேடணும்." டிரைவரைப் போன் எடுக்கிற இடம் வரை போய் ஊருக்குத் தகவல் சொல்லச் சொன்னார். பாவு பிணைக்கிறவரைத் தட்டைப்பாறையில் லைட்டோடு வந்து நிற்கச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஓட்டமாகத் தட்டைப்பாறைக்கு வந்தோம். அங்கே அவர் நின்றார். பையிலிருந்து செம்மண் கல்லை எடுத்துத் திரும்பவும் வைத்தார். "இப்பமும் வைக்கணுமா அண்ணாச்சி?" என்றேன். "இப்பந்தான் வைக்கணும்." என் கறுப்புக் கல்லையும் வைத்தேன். வெள்ளைக் கல்லை எடுத்தேன். "அது ஓம் பையிலயே இருக்கட்டும். அவ கையில குடு" என்றார்.

அன்றைக்கு இரண்டாவது தடவை ஏறியதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. மேற்கே கேரளாப் பக்கமிருந்து மேகம் மலையைத் தாண்டி வழிந்து இறங்கியது. மூங்கில் காட்டுக்குள் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாதையில் யானைச் சாணி கிடந்தது. காலையில் அது இல்லை. அண்ணாச்சி அதைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பாதையை விட்டு விலகிப் புதருக்குள் ஏறினார். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்திக் கத்தித் தொண்டையில் ரத்தம் கசிந்து உப்புக் கரித்தது. அண்ணாச்சி திரும்பினார். "கத்தாத. அவளுக்குக் கேக்காதுல்லா." நான் அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. காலையில் ஏறும்போது அவள் அவர் வாயையே பார்த்ததை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். கத்தினால் அவளுக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உச்சிக்கு வந்தபோது மூன்றரை. விளக்கு அணைந்து கிடந்தது. அவள் இல்லை. அந்தப் பாறை ஒரு ஊர் அகலம். மூன்று பக்கம் சரிவு. மேகம் எங்கள் காலடியில் நின்றது. அண்ணாச்சி ஒரு பக்கம் விளிம்போடு போனார், நான் ஒரு பக்கம் போனேன். குனிந்து குனிந்து பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வந்து வேலுக்கு முன்னால் நின்றேன். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்த கல் நெஞ்சில் இடித்தது.

ஷெட்டில் இருபது தறி ஓடும்போது ஒரு தறி நின்றால் காதுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியும். தரை சொல்லும். எனக்கு அது அப்போதுதான் நினைவு வந்தது. வெள்ளைக் கல்லை எடுத்துப் பாறையில் அடித்தேன். தறி அடிக்கிற மாதிரி. தடக், தடக். தடக், தடக். அண்ணாச்சி ஓடி வந்தார். என்ன செய்கிறேன் என்று கேட்கவில்லை. குப்புறப் படுத்துப் பாறையில் காதை வைத்தார். நான் அடித்தேன், நிறுத்தினேன். அடித்தேன், நிறுத்தினேன். கல்லின் முனை உடைந்து தெறித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணாச்சி கையைத் தூக்கினார். "அவளும் அடிக்கா" என்றார். "கெழக்க."

கிழக்கு விளிம்புக்குக் கீழே, ஒரு ஆள் ஆழத்தில், பாய் அகலத்துக்கு ஒரு படி மாதிரி பாறை. அதில் அவள் சாய்ந்து கிடந்தாள். கையில் ஒரு கல். வலது கால் பாதம் திரும்ப வேண்டாத பக்கம் திரும்பியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் அழவில்லை. நான் இறங்கினேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"இது எங்கல்லுல்லா? ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

மேலே நின்ற அண்ணாச்சி அவள் பார்க்கும்படி குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நான்தான் கொண்டு வரச் சொன்னேன் தாயி. ஒங்கிட்ட குடுக்கணும்னு." அவள் கல்லை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மேஸ்திரி முழங்காலுக்குக் கொண்டுவந்த பேண்டேஜ் துணி என்னிடம் ஒரு சுருள் இருந்தது. எங்கள் ஷெட்டில் நெய்ததுதான். இரண்டு குச்சி வைத்துக் காலைக் கட்டினோம். புல் முடிகிற வரைக்கும் நான் முதுகில் தூக்கினேன். மூங்கில் காட்டில் மாற்றி மாற்றித் தூக்கினோம். தூறல் விழுந்தது. அண்ணாச்சி முதுகில் இருக்கும்போது அவரே கேட்டார், தலையைத் திருப்பி, தன் வாய் அவளுக்குத் தெரிகிற மாதிரி. "கடலப் பாத்தியா தாயி?"

"பாத்தேன் அண்ணாச்சி. எல்லாரும் எறங்குனப் பொறவு மேகம் செத்த வெலகுச்சு. வெள்ளையா ஒரு கோடு. இன்னும் நல்லாப் பாக்கணும்னு எட்டிக் கால் வச்சேன்."

"அது கம்மாய்னு சொல்லுதான் பாவு பிணைக்கிற பய."

"கம்மாயா இருந்தாலும் பாத்துட்டேன்."

"கம்மாய் இல்ல. கடலுதான்" என்றார் அண்ணாச்சி. மூச்சு இரைக்க இரைக்க அதை இரண்டு தடவை சொன்னார்.

ஏணிப்பாறைக்கு வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் தூக்குகிறேன் என்றேன். "எங்காலுக்குத்தான் இந்தப் பாறை தெரியும். நீ கீழ நின்னு எங்காலப் பிடி" என்றார். அவளைத் துண்டாலும் மிச்சத் துணியாலும் தன் முதுகோடு கட்டச் சொன்னார். கட்டினேன். நான் முதலில் இறங்கினேன். வருஷா வருஷம் அவர் நிற்கிற இடத்தில் அன்றைக்கு நான் நின்றேன். அவர் கால் வந்தது, பிடித்துக் குழியில் வைத்தேன். அடுத்த கால், வைத்தேன். பாறை நனைந்து எண்ணெய் போல இருந்தது. கடைசிக் குழிக்கு முந்தின குழியில் அவர் குதிகால் என் கையிலிருந்து வழுகியது. அவர் கயிற்றை விட்டுவிடவில்லை. ஒரு கையால் பிடித்தபடியே உடம்பைத் திருப்பினார். அவள் மேலே, அவர் கீழே. இடுப்பு பாறையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கு ஒன்றும் இல்லை.

பாவு பிணைக்கிறவரும் டிரைவரும் லைட்டோடு வந்துவிட்டார்கள். தார்ப்பாயில் அண்ணாச்சியைக் கிடத்தினோம். தட்டைப்பாறை பத்தடி தள்ளி. நான் என் கறுப்புக் கல்லை எடுத்தேன். பக்கத்தில் அந்தச் செம்மண் கல் கிடந்தது. என் கை அதன் பக்கம் போயிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது.

"ஏலே. அதத் தொடாத" என்றார் அண்ணாச்சி. தார்ப்பாயில் கிடந்தபடியே. "நானே வந்து எடுத்துக்கிடுதேன்."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது, அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளையும் அங்கேதான். அவளுக்குக் காலில் பிளேட் வைத்தார்கள். ஷிப்ட் முடிந்து தினமும் பஸ்ஸில் போவேன். பெண்கள் வார்டில் அரை மணி, அண்ணாச்சி பக்கத்தில் அரை மணி. அவர் மலையைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தட்டைப்பாறைக்குப் போய்ப் பார்த்து வந்தேன் என்றதும் ஒன்று கேட்டார்.

"கல்லு கெடக்கா?"

"கெடக்கு அண்ணாச்சி."

"அந்தப் பயகிட்டச் சொல்லு. தாயி பாத்துட்டா, அது கடலுதான்னு."

ஒன்பதாம் நாள் காலையில் இட்லி வாங்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். விடியும்போது மூச்சு அடைத்துவிட்டது என்றார்கள். இட்லிப் பொட்டலம் சூடாக இருந்தது.

கல்லை எடுத்தது நான்தான் என்று தார் சுற்றுகிற அக்கா என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும். நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் சோறு போட்டு வைத்துவிட்டு, கையால் இல்லை, வாயால் சொன்னாள். "நான் பொறவால வந்து எடுத்திருப்பேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை. கால் ஊன்ற ஆரம்பித்ததும் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போனேன். அலை கால் வரைக்கும் வந்தது. அவள் செத்த நேரம் பார்த்தாள். அப்புறம் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மேற்கே பார்த்தாள். அங்கிருந்து மலை தெரியாது. "போவோம்" என்றாள்.

அவள் இப்போது தறி ஓட்டுவதில்லை. உட்கார்ந்து தார் சுற்றுகிறாள். பக்கத்துத் தறியில் வேறு ஆள். அந்த ஆள் தோளைத் தட்டிக் கையைக் காட்டும்போது எனக்கு உடனே கையைத் தூக்க வருவதில்லை. முகத்தைப் பார்த்து, எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று சாடையில் கேட்கிறேன். ஷெட்டில் சிரிக்கிறார்கள்.

மொட்டைப்பாறைக்கு ஷெட்டிலிருந்து இப்போது யாரும் போவதில்லை. கூட்டிப் போக ஆள் இல்லை. பொங்கல் கழிந்த ஞாயிறு நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ் ஏறி அய்யனார் கோவிலுக்குப் போவோம். முதல் வருஷம் அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெள்ளைக் கல்லை, முனை உடைந்ததை, அவள் கையாலேயே ஆற்றில் எறிந்தாள். இப்போது அவள் ஆற்றங்கரையில் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பாள். நான் தட்டைப்பாறை வரைக்கும் போவேன். புதிதாகக் கல் வைக்க மாட்டேன். போன வருஷம் குரங்கு தட்டியதோ, மழை தள்ளியதோ, செம்மண் கல் பாறை விளிம்புக்கு உருண்டு வந்து கிடந்தது. இன்னும் ஒரு சாண் போனால் ஓடையில் விழுந்துவிடும். தள்ளி நடுவில் வைக்கலாமா என்று கை பரபரத்தது. தொடவில்லை. வெயில் ஏறுகிற வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன். வருஷம் பூராவும் அந்த ஒரு சாண் நினைப்புதான்.

இந்த வருஷமும் போனேன். பார்த்தேன். திரும்பி இறங்கி வரும்போது, ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்தே அவள் கையைத் தூக்கிச் சாடையில் கேட்டாள், பாறையில் எத்தனை என்று. ஆற்றுச் சத்தத்தில் வாய்ப்பேச்சு யாருக்கும் கேட்காது. நான் விரலைக் காட்டினேன்.

ஒன்று.